கவைக்கோலிலிருந்து ஏர் ஃப்ரையர் வரை: சார் சியூவின் கதை

சீன உணவுக் கடைகளின் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால், சிவப்பாக, பளபளவென்று, கொக்கியில் தொங்கும் பன்றிக்கறித் துண்டங்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் சார் சியூ. இதை வீட்டில் ஏர் ஃப்ரையரில் செய்வது எப்படி என்று இப்போது இணையத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு செய்முறை கிடைக்கிறது. நானும் செய்கிறேன், நன்றாகவே வருகிறது. கடைசியில் அளவெல்லாம் தருகிறேன்.

ஆனால் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு விஷயம். இந்தப் பண்டம் பிறந்த குவாங்டொங் மாகாணத்திலும், பேர் வாங்கிய ஹாங்காங்கிலும், இதை வீட்டில் செய்யும் வழக்கமே பெரிதாக இருந்ததில்லை. நாம் பன்னும் வர்க்கியும் கடையில் வாங்குகிற மாதிரி, அவர்கள் சார் சியூவைக் கடையில்தான் வாங்கினார்கள். கைப்பக்குவத்துக்குப் பேர் போன சீன அம்மாக்களுக்கு ஒரு துண்டு கறியைச் சுடத் தெரியாமலா போயிற்று? அது இல்லை காரணம். சமையல் புத்தகத்தைவிட கணக்குப் புத்தகத்தில்தான் இதற்கு விடை இருக்கிறது. பி.காம் படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: சைவர்களும், பன்றிக்கறி ஆகாதவர்களும் செய்முறைப் பகுதியைத் தாண்டிவிடலாம். வரலாறு எல்லோருக்கும் பொது.

பெயர்க் காரணம்

'சார்' என்றால் கவை, அதாவது கவைக்கோல், முள்கரண்டி. 'சியூ' என்றால் சுடுவது. (உச்சரிப்பில் அந்த 'ர்' கிடையாது, 'சா சியூ' என்பதுதான் சரி. ஆங்கில எழுத்துக்கூட்டல் செய்த வேலை. ஊர் வழக்கப்படி நானும் சார் சியூ என்றே எழுதுகிறேன்.) நீளவாக்கில் வெட்டிய கறியைக் கவையில் குத்தி நெருப்புக்கு மேல் பிடித்துச் சுட்டதால் இந்தப் பெயர்.

செவிவழிக் கதை ஒன்றும் உண்டு. முழுப் பன்றியைச் சுடும்போது முதுகெலும்பை ஒட்டிய மெல்லிய தசைதான் ருசி. ஆனால் ஒரு பன்றிக்கு அது ரெண்டே ரெண்டு. ஆளுக்கு ஆள் அதையே கேட்டதால், வேறு கறித் துண்டங்களையும் பன்றியின் வயிற்றுக்குள் செருகிச் சுட்டார்களாம். 'செருகிச் சுட்டது' என்பதற்கும் கந்தோனிய மொழியில் கிட்டத்தட்ட இதே உச்சரிப்புதான். இதற்குச் சான்று ஏதுமில்லை. தேவைக்கும் வரத்துக்கும் உள்ள இடைவெளியை விளக்கும் கதை என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவே.

சான்றுள்ளதைப் பார்ப்போம். 1983-ல் குவாங்சோ நகரத்தில் நன்யுவே அரசன் ஒருவனுடைய கல்லறையைக் கண்டுபிடித்தார்கள். கி.மு. 122 வாக்கில் இறந்தவன். அவனோடு புதைத்த பொருள்களில் கறி சுடும் வெண்கல அடுப்புகளும் இருந்தன. ஒன்றின் பக்கவாட்டில் குட்டிக் குட்டிப் பன்றி உருவங்கள்! செத்த பிறகும் கறி சுட்டுச் சாப்பிட வேண்டும் என்று நினைத்த ஆட்கள்.

அடுத்த சான்று கி.பி. 6-ம் நூற்றாண்டு. ஜியா ஸிஷியே என்பவர் தொகுத்த 'ச்சிமின் யாவ்ஷூ' என்ற வேளாண்மை நூலில் பன்றிக்குட்டி சுடும் முறை இருக்கிறது. மெல்லிய தீயில், எட்ட வைத்து, நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் வருவதற்குத் தெளிந்த மதுவைப் பல தடவை பூச வேண்டும். வெள்ளைப் பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் எள் எண்ணெய். நம்ம நல்லெண்ணெய்தான்! தானியத்தை முளைகட்டி அதிலிருந்து இனிப்புப் பாகு காய்ச்சும் முறையும் அதே நூலில் இருக்கிறது. பிற்காலத்தில் சார் சியூவின் மேல் பளபளக்கும் மால்ட் பாகுக்கு அதுதான் மூதாதை.

ஆக, பூசிப் பூசிச் சுடுவது சீனத்தில் ஆயிரத்து ஐந்நூறு வருடப் பழக்கம். ஆனால் மேலே சொன்ன வேலையைக் கவனியுங்கள். ஒரு ஆள் பக்கத்திலேயே நின்று திருப்ப வேண்டும். விறகோ கரியோ நிறைய வேண்டும். அரண்மனைக்குக் கட்டுப்படியாகும். குடியானவன் வீட்டுக்கு?

அடுப்பும் நிலையான செலவும்

வணிகவியல் முதல் வருடப் பாடம் ஒன்று: செலவு ரெண்டு வகை. உற்பத்தி கூடினால் கூடும், குறைந்தால் குறையும் செலவு ஒன்று. ஒன்று செய்தாலும் நூறு செய்தாலும் மாறாத நிலையான செலவு இன்னொன்று.

தென்சீனத்தின் வீட்டுச் சமையல் எரிபொருள் சிக்கனத்தில் உருவானது. எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கு, மெல்லிய இரும்பு வாணலியைச் சூடாக்கு, ரெண்டு நிமிடத்தில் புரட்டி இறக்கு. அல்லது ஒரே பானை நீராவியில் ஒன்றன் மேல் ஒன்றாக நாலு தட்டை அடுக்கு. கத்திக்கு வேலை கூட, நெருப்புக்கு வேலை குறைவு. இந்த வீட்டில் ஓவனுக்கு இடமில்லை. ஓவன் என்பது முதலில் தன்னைச் சூடாக்கிக்கொண்டு, பிறகுதான் கறியைச் சூடாக்கும். உள்ளே கால் கிலோ வைத்தாலும் பத்து கிலோ வைத்தாலும் அந்த முதல் செலவு ஒன்றேதான்.

கடைக்காரனுக்கு இது பிரச்சினை இல்லை. ஆளுயர உருளை அடுப்பு. அதற்குள் வளையத்தில் வரிசையாகக் கொக்கிகள். ஒரு ஈடில் எத்தனையோ துண்டங்கள் தொங்கும். நிலையான செலவு தெரு முழுவதற்கும் பங்கு பிரிந்துவிடுகிறது. கவையில் குத்திச் சுட்டது போய்க் கொக்கியில் தொங்கவிட்டுச் சுடுவது வந்தது. பெயரில் மட்டும் கவை மிச்சம். பெய்ஜிங்கில் 1864-ல் தொடங்கிய ச்சுவான்ஜூடே உணவகம் வாத்தைத் தொங்கவிட்டுச் சுட்டுப் புகழ் பெற்றதும் இதே வகையான ஏற்பாட்டில்தான்.

தொங்கவிடுவதில் ஒரு தொழில்நுட்பமும் இருக்கிறது. கொழுப்பு உருகிக் கீழே வழியும்போது துண்டத்தின் முழு நீளத்தையும் நனைத்துக்கொண்டே வருகிறது. 6-ம் நூற்றாண்டில் ஒரு ஆள் நின்று செய்த பூச்சு வேலையைப் புவியீர்ப்பு சம்பளமில்லாமல் செய்கிறது. சுவரின் வெப்பம் எல்லாப் பக்கமும் படுவதால் திருப்பவும் வேண்டாம்.

இப்படிச் சுட்ட வகைகளுக்கெல்லாம் சேர்த்துக் கந்தோனிய மொழியில் 'சியூ மெய்' என்று பெயர். சார் சியூ, தோல் மொறுமொறுக்கும் பன்றி, வாத்து எல்லாம் இதில் வரும். வீட்டுக்கு எதிர்பாராமல் விருந்தாளி வந்தால் ஒரு பையனைச் சியூ மெய் கடைக்கு விரட்டுவார்கள். கொஞ்சம் வெட்டி வாங்கி வந்தால் ஒரு பதார்த்தம் கூடிவிடும். பாதிக் கொழுப்பு பாதிக் கறி வேண்டும், ஓரம் கொஞ்சம் கருகியதாக வேண்டும் என்றெல்லாம் சொல்லி வாங்குவது தனிக் கலை.

ஹாங்காங்கின் தாழ்வாரங்கள்

1949-ஐ ஒட்டி லட்சக்கணக்கான அகதிகள் ஹாங்காங்கில் வந்து குவிந்தார்கள். மலைச்சரிவில் குடிசை போட்டுக் குடியேறினார்கள். 1953 கிறிஸ்துமஸ் இரவு ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியில் தீப்பிடித்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். அதன் பிறகுதான் அரசாங்கம் மறுகுடியமர்வுக் கட்டடங்களைக் கட்டத் தொடங்கியது.

அந்த முதல் தலைமுறைக் கட்டடங்களில் வழக்கமான அறை 120 சதுர அடி. அதில் பெரியவர்கள் ஐந்து பேர் கொண்ட குடும்பம். தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் பொது. சமையலறை என்று ஒன்று கிடையாது. அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அடுப்பை வைத்துச் சமைக்க வேண்டும். ஒரு வங்கிக் கிளையில் மேலாளர் அறை இருக்கும் அளவில் ஒரு குடித்தனம். அங்கே ஓவனைப் பற்றி யார் பேசுவது? சோறு வடிக்கலாம், கீரை வதக்கலாம். சுட்ட கறி வேண்டுமென்றால் கீழே இறங்கிக் கடைக்குத்தான் போக வேண்டும்.

அதனால்தான் சார் சியூ அந்த நகரத்தின் மனதில் இவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்று நினைக்கிறேன். ஏழை தினமும் வாங்க முடியாது, ஆனால் சம்பள நாளில் கொஞ்சம் வாங்க முடியும். பிள்ளை சொல்பேச்சு கேட்காவிட்டால் ஹாங்காங் அம்மா திட்டுகிற பிரபலமான வசனம் ஒன்று உண்டு: உன்னைப் பெற்றதற்கு ஒரு துண்டு சார் சியூவைப் பெற்றிருக்கலாம்! சார் சியூவாவது சாப்பிட உதவும் என்பது பொருள். நம்மூரில் உன்னைப் பெற்றதற்கு ஒரு தென்னம்பிள்ளையை வைத்திருக்கலாம் என்பார்களே, அதன் கறிக்கடை வடிவம்.

1996-ல் ஸ்டீபன் சோவ் நடித்து வெளிவந்த 'காட் ஆஃப் குக்கரி' படத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரும். உலகத்தரப் போட்டியின் இறுதியில் நாயகன் படைப்பது சுறாத்துடுப்பும் இல்லை, நத்தைச் சிப்பியும் இல்லை. சோறு, அதன் மேல் சார் சியூ, ஒரு பொரித்த முட்டை. 'சோகச் சோறு' என்று அதற்குப் பெயர். நகைச்சுவைப் படம்தான், ஆனால் அந்தத் தட்டைப் பார்த்து ஹாங்காங்காரர்கள் ஏன் உருகினார்கள் என்று இப்போது புரியும்.

சிவப்பு எங்கிருந்து வந்தது?

இன்று பல கடைகளில் அது செயற்கை நிறம். முன்பு அது சிவப்பு அரிசி. நம்ம மாப்பிள்ளைச் சம்பா மாதிரி இயற்கையாகச் சிவந்தது இல்லை. வேகவைத்த அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்தால் அரிசி ரத்தச் சிவப்பாகிவிடும். இதை வைத்துப் புளிக்கவைத்த சிவப்பு டோஃபுவும் சார் சியூ மசாலாவில் சேரும்.

1637-ல் வந்த 'தியான்கொங் கைவூ' என்ற தொழில்நுட்ப நூலில் சொங் யிங்ஷிங் இந்தப் பூஞ்சை அரிசி செய்யும் முறையை எழுதியிருக்கிறார். மீனிலும் கறியிலும் இதை மெல்லப் பூசி வைத்தால் கோடையிலும் பத்து நாள் கெடாது, ஈ அண்டாது என்கிறார். ஆக, அந்தக் காலத்தில் சிவப்பு என்பது வெறும் அழகு இல்லை. குளிர்பெட்டி இல்லாத ஊரில் அது காவல். நாம் மீனில் மஞ்சள் தடவுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொசுறு: 1979-ல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ இந்தப் பூஞ்சைக் குடும்பத்திலிருந்து மொனக்கோலின் கே என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். கொழுப்பைக் குறைக்க மருத்துவர் எழுதித் தரும் லோவாஸ்டாட்டின் அதே மூலக்கூறுதான். கொழுத்த பன்றிக்கறியின் மேல் கொலஸ்டிரால் மருந்தின் உறவினர்! அதை நம்பி ரெண்டு துண்டு கூடச் சாப்பிட வேண்டாம், மேலே பூசும் அளவு எதற்கும் காணாது.

ஊர் விட்டு ஊர்

கந்தோனியர்கள் போன இடமெல்லாம் இதுவும் போனது. வியட்நாமில் 'ஸா ஸியூ'. மலேசியா, சிங்கப்பூரில் வாண்டன் மீ நூடுல்ஸின் மேல் நாலு துண்டு. ஜப்பானில் 'சாஷூ' என்று ராமென் கிண்ணத்தில் மிதப்பது இதன் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஆனால் அதை அவர்கள் பொதுவாகச் சுடுவதில்லை. நூல் கட்டிச் சுருட்டி சோயா சாஸில் கொதிக்கவைக்கிறார்கள். ஓவன் இல்லாத சமையலறைக்குப் போன சுட்ட கறி, பெயரை வைத்துக்கொண்டு குழம்புக் கறியாகிவிட்டது. பெயரில் 'சுடுவது' இருக்கிறது, அடுப்பில் சுடுவது இல்லை.

இந்தியாவில் இந்தக் கதைக்கு ஒரு முகவரி உண்டு என்றால் அது நான் இப்போது வேலை பார்க்கும் கொல்கத்தா. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் தொங் அச்சியூ என்ற சீனர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, ஹூக்ளிக் கரையில் கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் போட்டார். அவர் பெயரில்தான் பஜ்பஜ்ஜுக்குப் பக்கத்தில் அச்சிப்பூர் இருக்கிறது. பிறகு வந்தவர்களில் கந்தோனியர்கள் தச்சர்கள், ஹூபே மாகாணத்தார் பல் வைத்தியர்கள், ஹக்காக்கள் தோல் பதனிடுபவர்கள், செருப்புத் தைப்பவர்கள்.

1962 போர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஏறக்குறைய 3,000 இந்தியச் சீனர்களை ராஜஸ்தானில் உள்ள தேவ்லி முகாமில் அடைத்தார்கள். பலர் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தார்கள். கடையும் வீடும் கைவிட்டுப் போயின. அதன் பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கனடா, ஆஸ்திரேலியா என்று கிளம்பினார்கள். 1996-ல் உச்சநீதிமன்றம் டாங்ராவின் தோல் பட்டறைகளை ஊருக்கு வெளியே மாற்றச் சொன்ன பிறகு இன்னும் பலர் போனார்கள். இருந்தவர்களில் பலர் உணவகத்தை நம்பினார்கள். பழைய எண்ணிக்கையில் மிகச் சிறு பங்குதான் இன்று இந்த ஊரில் மிச்சம்.

திரெட்டா பஜாரில் அதிகாலையில் இன்றும் காலைப் பலகாரக் கடைகள் போடுகிறார்கள். ஆவி பறக்கும் பன்றிக்கறி பாவ், மீன் உருண்டை சூப், தொத்திறைச்சி. ஞாயிற்றுக்கிழமை களைகட்டும். ஆனால் வாங்க வரும் கூட்டத்தில் சீன முகங்களைவிடக் கேமராக்கள் அதிகம்.

இங்கேதான் அந்த நிலையான செலவு மறுபடி வந்து நிற்கிறது. ஒரு ஆளுயர அடுப்பைத் தினமும் பற்றவைக்க வேண்டுமென்றால், தினமும் வாங்கும் ஒரு தெரு வேண்டும். தெரு காலியானால் வீட்டுச் சமையல் கொஞ்ச காலம் தாங்கும். ஒரு கிழவி தனக்காக மட்டும்கூட பாவ் அவித்துக்கொள்ளலாம். ஆனால் தனக்காக மட்டும் கடை அடுப்பை மூட்ட முடியாது. ஒரு சமூகம் கலையும்போது அதன் கடைப் பண்டங்கள்தான் முதலில் போகும். எந்த ஊருக்கும், எந்தச் சமூகத்துக்கும் இது பொருந்தும்.

கூடைக்குள் ஒரு சூறாவளி

ஏர் ஃப்ரையர் என்ற பெயரில் பிலிப்ஸ் நிறுவனம் இதை 2010-ல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் என்றுதான் விற்றார்கள். உண்மையில் அது எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே ஓட்டைக் கூடை. நாலு லிட்டர் இடத்துக்குள் சூடான காற்று வேகமாகச் சுற்றுகிறது. அதாவது, அது ஒரு குட்டிக் காற்றோட்ட ஓவன்.

குட்டி என்பதுதான் விஷயமே. மூன்று நிமிடத்தில் சூடாகிவிடும். 1,400 வாட் கருவி அரை மணி ஓடினால் 0.7 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் ஆறு ரூபாய்க்கு உள்ளே. ரெண்டு பேருக்கான அரை கிலோ கறிக்கு ஓவன் செலவு கட்டுப்படியாவது இப்போதுதான். ஹாங்காங் தெருவில் நூறு குடும்பம் பகிர்ந்துகொண்ட செலவு ஒரு வீட்டுக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

செய்முறை இதுதான். கொழுப்பு கலந்த தோள்பட்டைக் கறி 600 கிராம், நாலு சென்டிமீட்டர் தடிமனில் நீளமாக வெட்டியது. சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, ஹாய்சின் சாஸ் 2, தேன் 2, சர்க்கரை 1, நசுக்கிய பூண்டு மூன்று பல், ஐந்து மசாலாப் பொடி அரைத் தேக்கரண்டி. (அன்னாசிப்பூ, சோம்பு, பட்டை, கிராம்பு நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. ஐந்தாவது சிச்சுவான் மிளகு.) எல்லாம் பிசறி ஒரு இரவு குளிர்பெட்டியில் வையுங்கள்.

மறுநாள் 160 டிகிரியில் பக்கத்துக்குப் பத்து நிமிடம். பிறகு ரெண்டு கரண்டித் தேனை வெந்நீரில் இளக்கித் தடவி, 200 டிகிரியில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். இனிப்பு சீக்கிரம் கருகும் என்பதால்தான் பூச்சும் பெரிய சூடும் கடைசியில். கூடைக்கு அடியில் உள்ள தட்டில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்தால் சொட்டும் கொழுப்பு புகையாது. வெப்பமானி இருந்தால் கறியின் நடுவில் 75 டிகிரி வந்ததா என்று பாருங்கள். பன்றிக்கறியில் இதில் சமரசம் வேண்டாம். ஊறிய சாறு மிச்சமிருந்தால் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே மேலே ஊற்றலாம். பத்து நிமிடம் ஆறவிட்டு நறுக்குங்கள்.

கடைச் சரக்கு மாதிரி இருக்குமா? முக்கால்வாசி. கரிப்புகை வாசம் வராது. கறி தொங்காமல் படுத்திருப்பதால் கொழுப்பு துண்டத்தின் மேல் வழியாமல் கீழே சொட்டிவிடுகிறது. அதனால்தான் நாம் கையால் பூச வேண்டியிருக்கிறது. ஒரு வகையில் 6-ம் நூற்றாண்டுக்கே திரும்பிவிட்டோம், திருப்பவும் தடவவும் ஆள் வேண்டும் :-)

கொல்கத்தாவிலிருந்து போன ஹக்காக்கள் டொரொண்டோவில் உணவகங்கள் நடத்துகிறார்கள். அங்கே அவர்கள் விற்பது சில்லி சிக்கனும் மஞ்சூரியனும். கொல்கத்தாவை அப்படி எடுத்துப் போயிருக்கிறார்கள். ஊரைவிட்டு வந்த எல்லோரும் நாக்கில் கொஞ்சம் ஊரை எடுத்து வருகிறோம். கடையையும் அடுப்பையும் எடுத்து வர முடிவதில்லை. அந்த அடுப்புக்கு ஒரு சின்ன மாற்று மேசை மேல் கிடைத்திருக்கிறது என்ற அளவில் இந்தக் கருவிக்கு ஒரு நன்றி. திரெட்டா பஜாரில் அந்தக் காலைக் கடைகள் இருக்கும் வரை, கொல்கத்தா வருபவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எழுந்து போய்விட்டு வாருங்கள். எட்டு மணிக்குப் போனால் பாத்திரம் கழுவுவதைத்தான் பார்க்கலாம்.